டேம் இம்பாலா: இசைப் பயணமும் இசைமுறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தோன்றிய டேம் இம்பாலாவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. 2010 முதல் 2025 வரை வெளிவந்த ஐந்து முழு ஆல்பங்களே இப்பக்கத்தின் மையம்.

டேம் இம்பாலா ஓர் இசைக்குழுவா, தனி மனிதரா?

மேடையில் பார்த்தால் குழு. ஒலிப்பதிவில் கேட்டால் ஏறக்குறைய ஒரே மனிதர். கெவின் பார்க்கர் என்ற அந்த ஒருவரே பாடல்களை எழுதுகிறார், டிரம்ஸ் அடிக்கிறார், பேஸ் கித்தாரும் கித்தாரும் சிந்தசைசரும் (மின்னணு முறையில் ஒலிகளை உண்டாக்கும் கீபோர்டு) வாசிக்கிறார், பாடுகிறார், பதிவும் செய்கிறார். நிகழ்ச்சிகளுக்கு மட்டும் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அவற்றை மேடைக்கு ஏற்றபடி வாசிக்கிறார்கள். விதிவிலக்குகள் உண்டு. முதல் ஆல்பத்தில் டொமினிக் சிம்பரும் ஜே வாட்சனும் சில இடங்களில் வாசித்திருக்கிறார்கள். இரண்டாவது ஆல்பத்தின் 'எலிஃபன்ட்', 'அபோகலிப்ஸ் டிரீம்ஸ்' ஆகிய இரு பாடல்களை வாட்சனும் பார்க்கரும் சேர்ந்தே எழுதினார்கள். ஆயினும், ஒரு குழு கூடி வாசித்ததைப் போன்ற ஒலியை ஒருவர் தன் அறைக்குள் தனியே அமர்ந்து உண்டாக்குகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த இசையைப் புரிந்துகொள்ள முடியாது. கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு வழியில் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

பெயரின் பொருள் என்ன?

இம்பாலா என்பது ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஒரு மான் இனம். மனிதனைக் கண்டால் துள்ளி ஓடிவிடும் அந்தக் காட்டு விலங்கு பழகிப்போய் ஒரு நொடி நம் எதிரே நின்றால் எப்படி இருக்கும் என்பதே 'பழகிய இம்பாலா' என்ற பெயர் தரும் படிமம். பார்க்கரின் தந்தை ஜிம்பாப்வேயில் பிறந்தவர், தாய் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர் என்பதால், ஆப்பிரிக்க விலங்கின் பெயர் அவருக்கு அந்நியமாக இருந்திருக்காது.

கெவின் பார்க்கர் இசைக்கு வந்தது எப்படி?

1986 ஜனவரியில் சிட்னியில் பிறந்த அவர் பெர்த்தில் வளர்ந்தார். தந்தை ஓய்வு நேரத்தில் கித்தார் வாசிப்பவர். மகனுக்கு முதல் பாடங்கள் அவரிடமிருந்தே கிடைத்தன. தி ஷேடோஸ் என்ற பிரிட்டிஷ் கித்தார் குழுவின் மெட்டுகளை இருவரும் வீட்டில் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். ஆனால் சிறுவனைப் பற்றிக்கொண்ட முதல் கருவி டிரம்ஸ். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிற்காலத்தில் ஒரு பாடலை எங்கிருந்து கட்டுகிறார் என்பதை இது விளக்குகிறது.

பன்னிரண்டு வயதை ஒட்டி அவர் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று அவரது தொழில்வாழ்க்கை முழுவதையும் முன்கூட்டியே காட்டிவிட்டது என்பேன். வீட்டில் இரண்டு கேசட் பதிவுக்கருவிகள் இருந்தன. முதல் கருவியில் டிரம்ஸைப் பதிவு செய்வார். பிறகு அதை ஓடவிட்டு, கூடவே வேறொரு கருவியை வாசித்து, இரண்டும் கலந்து வருவதை இரண்டாவது கருவியில் பிடித்துக்கொள்வார். அந்தக் கேசட்டை ஓடவிட்டு, அதன் மேல் இன்னொன்றை வாசித்து, மீண்டும் முதல் கருவியில் பதிவு செய்வார். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நாடாவின் இரைச்சல் ஏறும். முதலில் அடித்த டிரம்ஸ் மங்கித் தூரத்துக்குப் போகும். யாரும் உடன் இல்லாமலே ஒரு குழுவை உண்டாக்கிக்கொள்ளும் வித்தை அது. டேம் இம்பாலாவின் ஒலியில் இன்றும் காணப்படும் அந்த மங்கலும் அடுக்கும் இந்த விளையாட்டின் தொடர்ச்சியே.

பெர்த் நகருக்கும் இந்த இசைக்கும் என்ன தொடர்பு?

பெர்த் உலகின் மிகத் தனித்த பெருநகரங்களுள் ஒன்று. அருகிலுள்ள பெருநகரமான அடிலெய்டே 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சிட்னியிலோ மெல்போர்னிலோ எந்த இசை விலைபோகிறது என்று பார்த்து வாசிக்க வேண்டிய கட்டாயம் அங்கே குறைவு. ஒரே வீட்டில் தங்கி, ஒருவர் குழுவில் மற்றவர் வாசித்து, இரவெல்லாம் பதிவு செய்த ஒரு நண்பர் வட்டம் அந்நகரில் உருவாயிற்று. அதிலிருந்து வந்ததுதான் பாண்ட் என்ற குழு. நிக் ஆல்புரூக், ஜே வாட்சன் ஆகியோர் நடத்திய அக்குழுவில் பார்க்கர் சில காலம் டிரம்ஸ் வாசித்தார். அதன் பல ஆல்பங்களுக்கு ஒலித் தயாரிப்பும் செய்தார். டேம் இம்பாலாவுக்கு முன்னோடியாக 'தி டீ டீ டம்ஸ்' என்ற பெயரில் பார்க்கர் வாசித்துவந்தார். 2007-இல் பெயர் மாறியது.

முதல் ஒப்பந்தம் எப்படிக் கிடைத்தது?

மைஸ்பேஸ் தளத்தில் ஏற்றிவைத்திருந்த வீட்டுப் பதிவுகளைக் கேட்ட மாடுலர் என்ற ஆஸ்திரேலிய இசை நிறுவனம் 2008-இல் தொடர்புகொண்டது. பார்க்கர் அப்போது பொறியியலை விட்டுவிட்டு வானியல் படித்துக்கொண்டிருந்தார். தேர்வுக்குப் புறப்பட்ட நாளில் அந்த அழைப்பு வந்ததாகவும், தேர்வு எழுதாமலே திரும்பிவிட்டதாகவும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட குறுந்தொகுப்பு வெளிவந்தது.

சைக்கடெலிக் பாப் என்றால் என்ன? அது போதைப்பொருள் சார்ந்த இசையா?

1960களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவான இசைப்போக்கு இது. மனநிலையை மாற்றும் பொருள்களைச் சுற்றி அப்போது எழுந்த பண்பாட்டோடு அதற்குத் தொடர்பு இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் இசையாக அது விட்டுச்சென்றது வேறு. நாடாவைப் பின்னோக்கி ஓடவிடுவது, குரலை எதிரொலியில் மூழ்கடிப்பது, கித்தாரின் ஒலி சுழல்வதுபோலச் செய்வது, ஒரே சுருதியை நீட்டி நிறுத்துவது எனப் பல உத்திகள் அப்போது பிறந்தன. அதற்கு முன்பு ஒலிப்பதிவுக் கூடம் பாடகர் பாடுவதை உள்ளபடி பிடித்து வைக்கும் இடமாக இருந்தது. இந்தப் போக்குக்குப் பிறகு அதுவே ஓர் இசைக்கருவியாயிற்று. இந்த உத்திகள் நான்கு நிமிடப் பாடலுக்குள், நினைவில் நிற்கும் மெட்டோடு அடங்கும்போது அதை சைக்கடெலிக் பாப் என்கிறோம்.

பார்க்கரைப் பொறுத்தவரை சைக்கடெலிக் என்பது வண்ணச் சட்டையோ பழைய காலத்து ஏக்கமோ அல்ல. கேட்பவரின் கால உணர்வையும் இட உணர்வையும் ஒலியால் குலைப்பதே அவர் செய்வது. 1960களின் கருவிகளைக் கைவிட்ட பிறகும் அவரது இசை சைக்கடெலிக்காகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

முதல் ஆல்பம் 'இன்னர்ஸ்பீக்கர்' எங்கே உருவானது?

பெர்த்துக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத் தொலைவில், இஞ்சிடப் கடற்கரையில், இந்தியப் பெருங்கடலைப் பார்த்தபடி நிற்கும் வேவ் ஹவுஸ் என்ற வீட்டில் பதிவானது. ஒலிக்கலவையை, அதாவது தனித்தனியே பதிவானவற்றை அளவு பார்த்து ஒன்றாக்கும் வேலையை, அமெரிக்காவின் டேவ் ஃப்ரிட்மேன் செய்தார். தி ஃபிளேமிங் லிப்ஸ் குழுவின் ஆல்பங்களால் பெயர்பெற்றவர் அவர். 2010 மே மாதம் வெளியான இந்த ஆல்பம் பெரும்பாலும் கித்தாரால் ஆனது. 'சாலிட்யூட் இஸ் பிளிஸ்' என்ற பாடலின் தலைப்பே தனிமையைப் பேரின்பம் என்கிறது. அந்த வீட்டைப் பார்க்கர் பின்னாளில் விலைக்கு வாங்கினார். ஆல்பத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி, 2021-இல் அங்கிருந்தே முழு ஆல்பத்தையும் நேரலையாக வாசித்துக் காட்டினார்கள்.

'லோனரிசம்' ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது?

2012 அக்டோபரில் வெளிவந்த 'லோனரிசம்' பெர்த்திலும் பாரிஸிலும் பதிவானது. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்க்கரே எடுத்தார்: பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் மக்கள் வெயிலில் அமர்ந்திருக்கிறார்கள், அவர்களை நாம் பார்ப்பதோ இரும்பு வேலிக்கு வெளியே நின்று. கூட்டம் உள்ளே, பார்க்கும் கண் வெளியே என்ற இந்த அமைப்பே ஆல்பத்தின் பொருள். தலைப்பும், தனித்திருப்பதை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்ட சொல்.

இசையிலும் இது பாய்ச்சல். 'இன்னர்ஸ்பீக்கர்' கித்தாரின் ஆல்பம் என்றால் இது சிந்தசைசரின் ஆல்பம். முதல் பாடலான 'பி அபவ் இட்' ஒரு கிசுகிசுப்பில் தொடங்குகிறது. தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்பவர்போல ஒரே தொடரைக் குரல் மீண்டும் மீண்டும் முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பே தாளமாகிறது. அதன் மேல் டிரம்ஸ் வந்து ஏறுகிறது. 'கீப் ஆன் லையிங்' பாடலில் இசை நீண்டுகொண்டே போக, பின்னணியில் ஒரு விருந்தின் பேச்சொலி கேட்கிறது. பக்கத்து அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் இந்தப் பாடலோடு தனியே இருப்பதுபோன்ற உணர்வை அது தருகிறது. வரிகளால் சொல்லாமல் ஒலியின் தொலைவால் மட்டுமே தனிமையைக் காட்டும் இந்த உத்தியை எத்தனை முறை கேட்டாலும் அலுப்பதில்லை.

'ஃபீல்ஸ் லைக் வி ஒன்லி கோ பேக்வர்ட்ஸ்' இந்த ஆல்பத்தின் இதயம். அதன் காணொளிக்காக 1,000-க்கும் மேற்பட்ட களிமண் படங்கள் கையால் செய்யப்பட்டன. 'எலிஃபன்ட்' இதற்கு நேர் எதிர்: கனத்த கால்களோடு நடக்கும் ஊஞ்சல் தாளம், நடுவில் ஒரு கீபோர்டு களியாட்டம். பரவலாக வானொலியில் ஒலித்தது அதுதான். பார்க்கர் மிகவும் மதிக்கும் அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரன் அதற்கு மறுகலவை ஒன்றும் செய்தார். எனினும் ஆல்பத்தின் மற்றப் பாடல்களோடு 'எலிஃபன்ட்' ஒட்டாமல் நிற்கிறது என்பதே என் எண்ணம்.

ஒரு பாடலைக் கேட்டவுடன் 'இது டேம் இம்பாலா' என்று சொல்லிவிட முடிகிறதே, எதனால்?

முதலில் டிரம்ஸ். பெரிய ஸ்டூடியோக்களில் டிரம்ஸைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மைக்குகளை நிறுத்துவது வழக்கம். பார்க்கர் மிகச் சிலவற்றையே வைக்கிறார். பதிவான ஒலியைக் கம்ப்ரெசர் என்ற கருவி வழியே பலமாக நெருக்குகிறார். டிபிஎக்ஸ் 165ஏ என்ற பழைய கருவி அவருக்கு மிகவும் பிடித்தது. கம்ப்ரெசர் செய்வது எளிய வேலை: உரத்த ஒலியை அமுக்கும், அது அடங்கியதும் மீதியை மேலே தூக்கிவிடும். மெல்ல நெருக்கினால் ஒலி சீராகும். இவர் நெருக்குவதுபோல் நெருக்கினால் ஒவ்வோர் அடிக்கும் சிம்பல் என்ற உலோகத் தட்டின் இரைச்சல் உள்வாங்கி, அடுத்த நொடி அலைபோல் மேலெழும்பும். டிரம்ஸ் மூச்சு விடுவதைப்போல இருக்கும். கூர்ந்து கேட்டால், மற்றக் கருவிகள் எல்லாம் அந்த மூச்சுக்கு ஏற்ப அசைவது தெரியும்.

அடுத்தது ஃபேசர். கித்தாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே காலால் அழுத்தும் ஒரு சிறு பெட்டி அது. வரும் ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றின் அலையை இடம் மாற்றி மீண்டும் கலக்கும். சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழியும் இடம் மெல்ல மேலும் கீழும் நகர்வதால் ஒலி சுழல்வதாகக் காதுக்குப் படும். எல்லோரும் இதைக் கித்தாருக்குப் பயன்படுத்தியபோது, பார்க்கர் டிரம்ஸையும் சில நேரங்களில் பாடல் முழுவதையுமே இதற்குள் செலுத்தினார்.

மூன்றாவது குரல். உச்சக் குரலில், பொய்க்குரலை ஒட்டிய மென்மையோடு பாடுகிறார். ஒரே வரியை இருமுறை பாடி ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிறார். பிறகு எதிரொலியில் நனைக்கிறார். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனின் குரலோடு இதை ஒப்பிடாத விமர்சகர் தொடக்க காலத்தில் அரிது. குரல் முன்னால் வந்து நின்று பாடாமல் மற்றக் கருவிகளோடு ஒன்றாக மிதக்கிறது. இந்தப் பாடல்களின் வரிகள் முதல் முறை கேட்கும்போது பிடிபடாமல் போவது அதனால்தான்.

கடைசியாக பேஸ் கித்தார். மற்றவர்கள் அடித்தளமாக வைக்கும் பேஸை இவர் இரண்டாவது மெட்டாக வைக்கிறார். குரல் ஒரே சுரத்தில் நிற்கும்போது பேஸ் நடக்கும். குரல் நடக்கும்போது பேஸ் நிற்கும்.

'கரன்ட்ஸ்' ஆல்பத்தில் கித்தாரைக் கைவிட்டது ஏன்?

முழுவதும் கைவிடவில்லை, பின்வரிசைக்கு அனுப்பினார். 2015 ஜூலையில் வந்த 'கரன்ட்ஸ்' பெர்த்தை ஒட்டிய ஃப்ரிமேன்டில் துறைமுகப் பகுதியிலுள்ள அவரது வீட்டு ஸ்டூடியோவில் பதிவானது. முந்தைய இரு ஆல்பங்களின் ஒலிக்கலவையை ஃப்ரிட்மேன் கவனித்தார் என்றால், இதில் அதையும் பார்க்கரே எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலிஸில் காரில் போகும்போது டிஸ்கோ பாடல்களுக்குப் பெயர்பெற்ற பீ ஜீஸ் குழுவின் பாடலைக் கேட்டதும், டிஸ்கோவிலும் அதே மயக்கம் இருக்கிறது என்பது உறைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ராக் ரசிகர்கள் மட்டமாகப் பார்த்த நடன இசை, மென்மையான ஆர்&பி, 1990களின் ரோலண்ட் சிந்தசைசரில் வரும் மலிவான ஒலிகள் ஆகியவற்றைத் தயக்கமின்றி உள்ளே கொண்டுவந்தார்.

ஆல்பத்தின் தொடக்கப் பாடலான 'லெட் இட் ஹாப்பன்' ஏறக்குறைய ஏழே முக்கால் நிமிடம் நீள்கிறது. நிமிடத்துக்கு 125 அடி என்ற நடன வேகத்தில் அது தொடங்குகிறது. ஏறத்தாழ நான்காம் நிமிடத்தில் ஒரு துண்டு அப்படியே சிக்கிக்கொள்கிறது: கீறல் விழுந்த சிடியைப்போல ஒரே கணம் மீண்டும் மீண்டும் திரும்புகிறது. முதன்முறை கேட்டபோது நான் கைப்பேசியைக் கையில் எடுத்து, செயலி நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. அந்தச் சிக்கலுக்கு அடியில் சிந்தசைசரின் நரம்பிசை மெல்ல ஊறி வந்து, கோளாறாகத் தோன்றியதையே தாளமாக்கிக்கொண்டு பாடல் மேலே நகர்ந்தது. பின்னர் இயந்திரக் குரலில் ஒரு பகுதி வருகிறது. அதில் இருப்பவை பொருளற்ற ஓசைகள். வரி எழுதுவதற்கு முன் மெட்டைப் பிடித்துவைக்க வாய்க்கு வந்ததைப் பாடிவைத்தார், பிறகு அதையே விட்டுவிட்டார். மாற்றத்தை எதிர்க்காமல் நடக்க விடு என்று தலைப்பிலேயே சொல்லும் பாடலில், சிக்கிய துண்டும் பொருளற்ற ஓசையும் திருத்தப்படாமல் இருப்பது தற்செயல் அல்ல.

பழைய ரசிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ராக் இசையைக் கைவிட்டுவிட்டார் என்ற குறை இன்றுவரை கேட்கிறது. எனக்கு அந்தக் குறையில் நியாயம் தெரியவில்லை. கித்தாரை ஃபேசரில் சுழற்றியவர் இப்போது முழுப் பாடலையும் நீரில் அமிழ்த்தி எடுப்பதுபோல ஒலியை மங்கச்செய்து மீட்கிறார். செய்கிற வேலை அதேதான்.

'தி லெஸ் ஐ நோ தி பெட்டர்' தான் இவர்களின் பெரிய வெற்றியா?

ஆம். 'கரன்ட்ஸ்' ஆல்பத்தில் இடம்பெற்ற இப்பாடலில் முதல் நொடியிலேயே வரும் பேஸ் மெட்டை, பாடலின் பெயர் தெரியாதவர்களும் அடையாளம் காண்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டுகளின் சிறந்த 100 பாடல்களுக்கு நேயர் வாக்கெடுப்பு நடத்தியபோது, இதுவே முதலிடம் பெற்றது. காதலி வேறொருவனோடு போய்விட்டதைப் பார்க்கும் ஒருவனின் புலம்பல்தான் பாடல். ஆனால் கேட்பவர்கள் அதற்கு ஆடுகிறார்கள்.

'தி ஸ்லோ ரஷ்' வருவதற்கு ஏன் ஐந்தாண்டுகள் ஆயின?

ஒரு காரணம் அவரது குணம். தனியே வேலை செய்பவருக்கு 'போதும், இது முடிந்துவிட்டது' என்று சொல்ல ஆள் கிடையாது. 2019-இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் முதன்மைக் கலைஞராக வாசித்தபோதே ஆல்பம் வந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது 2020 பிப்ரவரி 14 அன்றுதான் வந்தது.

நடுவில் ஒரு விபத்தும் நேர்ந்தது. 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் மாலிபுவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துப் பதிவு செய்துகொண்டிருந்தபோது வூல்சி காட்டுத்தீ பரவியது. மடிக்கணினியையும் பழைய ஹாஃப்னர் பேஸ் கித்தாரையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். வீடும் உள்ளே இருந்த மற்றக் கருவிகளும் எரிந்துபோயின.

ஆல்பம் முழுவதும் காலத்தைப் பற்றியது. முதல் பாடல் இன்னும் ஓராண்டு என்கிறது, கடைசிப் பாடல் இன்னும் ஒரு மணி நேரம் என்கிறது. அட்டைப்படம் நமீபியாவின் கோல்மான்ஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. வைரச் சுரங்கத்துக்காக எழுந்து, பின் கைவிடப்பட்ட ஊர் அது; சன்னல் வழியே புகுந்த பாலைவன மணல் அறைகளில் அலையலையாகக் குவிந்து கிடக்கிறது. மெதுவாக நடக்கும் வெள்ளம் என்று அந்தத் தலைப்பை அப்படியே படமாகக் காட்டிவிட்டார்கள்.

இதில் நான் தனித்துச் சொல்ல விரும்பும் பாடல் 'போஸ்துமஸ் ஃபர்கிவ்னஸ்'. பார்க்கரின் தந்தை, முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டான 2009-இல் புற்றுநோயால் இறந்தார். மகனின் வெற்றி எதையும் அவர் பார்க்கவில்லை. பாடலின் முதல் பாதி தந்தைமீதான நீண்ட நாள் மனத்தாங்கல்; ஒலி கனத்து இருண்டு கிடக்கிறது. பிறகு எல்லாம் வடிந்து, சிறிய, ஏறக்குறைய குழந்தைத்தனமான ஒரு மெட்டு வருகிறது. அதில் மகன் தந்தையிடம் சொல்ல ஆசைப்படுபவை அற்பமானவை: பீட்டில்ஸ் பதிவு செய்த அபே ரோடு ஸ்டூடியோவில் இருந்தது, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜேகரோடு தொலைபேசியில் பேசியது. பள்ளியிலிருந்து ஓடிவந்து வாசலிலேயே செய்தி சொல்லும் பிள்ளையின் குரல் அது. முதன்முதலில் கித்தார் சொல்லிக்கொடுத்தவரிடம் வேறெதைச் சொல்வது?

மற்றக் கலைஞர்களோடு பார்க்கர் செய்தவை யாவை?

பலரும் அறியாமலே இவரது வேலையைக் கேட்டிருப்பார்கள். 'கரன்ட்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாடலை ரிஹானா 2016-இல் தன் 'ஆன்டி' ஆல்பத்தில் பாடினார். இசைத் தடத்தை ஏறக்குறைய மாற்றாமல் குரலை மட்டும் தன்னுடையதாக்கினார். ஓர் ஆண் தன்னோடு வாதாடுவதாக எழுதப்பட்ட பாடல், ஒரு சொல்லும் பெரிதாக மாறாமல் ஒரு பெண்ணின் வாக்குமூலமாகிவிட்டது. மார்க் ரான்சனின் 2015 ஆல்பத்தில் பாடியதும், லேடி காகாவின் 'பெர்ஃபெக்ட் இல்யூஷன்' பாடலை உடனிருந்து எழுதித் தயாரித்ததும், டிராவிஸ் ஸ்காட்டோடும் கொரில்லாஸோடும் இணைந்ததும், துவா லிபாவின் 'ராடிகல் ஆப்டிமிசம்' ஆல்பத்தில் பணியாற்றியதும் இந்த வரிசையில் வரும். பிரெஞ்சு இரட்டையரான ஜஸ்டிஸோடு சேர்ந்து உருவாக்கிய 'நெவரெண்டர்' 2025-இல் நடன, மின்னணு இசைப் பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது. பார்க்கரின் முதல் கிராமி அது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, 2012-இல் பிரெஞ்சுப் பாடகி மெலடி புரோஷேயின் 'மெலடிஸ் எக்கோ சேம்பர்' ஆல்பத்தை அவர் தயாரித்தார். 'லோனரிசம்' பிடித்தவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது அதுவே.

ஒருவர் பதிவு செய்ததை மேடையில் எப்படி வாசிக்கிறார்கள்?

பார்க்கர் கித்தாரோடு பாடுகிறார். சிம்பர் கித்தாரும் சிந்தசைசரும், வாட்சன் கீபோர்டும், 2013 முதல் காம் ஏவரி பேஸும், 2012 முதல் பிரெஞ்சுக்காரர் ஜூலியன் பார்பகாலோ டிரம்ஸும் வாசித்துவருகிறார்கள். பதிவில் மூழ்கியிருக்கும் கித்தார் மேடையில் முன்னுக்கு வந்துவிடுகிறது; 'லெட் இட் ஹாப்பன்' நேரடியாகக் கேட்கும்போது ராக் பாடலாகவே ஒலிக்கிறது. லேசர் ஒளியும் வண்ணத்தாள் மழையும் சேர்ந்துகொள்ள, அறைக்குள் பிறந்த தனிமைப் பாடலைப் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் பாடுகிறார்கள்.

'டெட்பீட்' எப்படிப்பட்ட ஆல்பம்?

2025 அக்டோபர் 17 அன்று, கொலம்பியா நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஊருக்கு வெளியே, புதர்க்காட்டு வெளிகளில் இரவெல்லாம் நடக்கும் நடனக் கூடல்களை அங்கே 'புஷ் டூஃப்' என்பார்கள். அந்த இசையின் இடைவிடாத அடியை எடுத்துக்கொண்டு கட்டப்பட்ட ஆல்பம் இது. முதலில் வந்த 'எண்ட் ஆஃப் சம்மர்' நீண்ட நடனப் பாடல். பார்க்கர் வழக்கமாக அடுக்கும் அடுக்குகள் இங்கே குறைவு. சில இடங்களில் வெறும் டிரம்ஸ் இயந்திரமும் குரலும் மட்டுமே. விமர்சகர்கள் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். என் தீர்ப்பும் பாதிப் பாதிதான்: அடுக்குகளை நீக்கியது துணிச்சல், ஆனால் அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்திருந்தபோது அவரது சில வரிகள் இவ்வளவு மெலிந்தவையாகத் தெரியவில்லை. 'டிராகுலா' மட்டும் விதிவிலக்கு. அதன் பேஸும் மெட்டும் 2015-இன் 'கரன்ட்ஸ்' ஆல்பத்தை நினைவூட்டுகின்றன.

இவ்வளவு பெரிய பெயரை இன்னும் 'இண்டி' என்று சொல்வது சரியா?

வணிகக் கணக்கில் சரியல்ல. 'இண்டி' என்ற சொல் பெருநிறுவனங்களைச் சாராத வெளியீட்டைக் குறிக்கப் பிறந்தது. டேம் இம்பாலாவின் ஆல்பங்கள் நெடுங்காலமாகவே உலகப் பெருநிறுவனங்களின் வழியாக வருகின்றன. 'தி ஸ்லோ ரஷ்' ஆஸ்திரேலியாவில் முதலிடத்தையும் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் மூன்றாமிடத்தையும் பிடித்தது. 2013, 2015, 2020 என மூன்று முறை ஆஸ்திரேலியாவின் ஏரியா விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு கிடைத்தது. வேலை செய்யும் முறையைப் பார்த்தால் மட்டும் அந்தச் சொல் பொருந்துகிறது. பாட்டெழுத ஒருவர், தாளமிட ஒருவர், குரலைத் திருத்த ஒருவர் எனப் பத்துப் பேர் கூடிச் செய்யும் இன்றைய பாப் உலகில், முதல் அடியிலிருந்து இறுதிக் கலவை வரை ஒருவரே பார்ப்பது அரிது.

எந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம்?

கித்தார் இசை பிடித்தவர்கள் 'சாலிட்யூட் இஸ் பிளிஸ்' பாடலிலிருந்தும், நடன இசை பிடித்தவர்கள் 'தி லெஸ் ஐ நோ தி பெட்டர்' பாடலிலிருந்தும் தொடங்கலாம். ஆல்பமாகக் கேட்பதென்றால் முதலில் 'லோனரிசம்', அடுத்து 'கரன்ட்ஸ்'. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் கித்தார் காணாமல் போய்விடும். பாதிப் பாடல் அதில்தான் இருக்கிறது. நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, 'லெட் இட் ஹாப்பன்' பாடலின் நான்காம் நிமிடம் வரும்போது கைப்பேசியைத் தொடாமல் இருங்கள்.